பம்பரத்தில் இரண்டு ப

ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளியானாலும் சரி, நடுப்பக்கங்களில் எங்காவது ஒவ்வொரு வரிக்கு மேலேயும் பென்சிலில் பொடிப்பொடியாகத் தமிழ் ஓடிக்கொண்டிருக்கும். மனப்பாடச் செய்யுள் பக்கம் என்றால் ஒரு சொல்கூடத் தப்பியிருக்காது. சில இடங்களில் தாள் மெலிந்து கிழியும் நிலையில் இருக்கும். ஆசிரியர் ரப்பரால் அழிக்கச் சொன்னதும், பிள்ளை அழித்துவிட்டு வீட்டில் மறுபடி எழுதியதும் அந்த இடத்தில்தான்.

ஆங்கில வகுப்பில் பெரும்பாலான ஆசிரியர்கள் கறாராகப் போடும் முதல் தடை இதுதான்: மேலே தமிழில் எழுதக் கூடாது. தடைக்கு நல்ல காரணமும் இருக்கிறது. தெரிந்த எழுத்தும் தெரியாத எழுத்தும் மேலும் கீழுமாக இருந்தால் கண் தெரிந்ததற்குத்தான் போகும். பிள்ளை கணீரென்று வாசிப்பான், ஆங்கில எழுத்து ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். இது உண்மை. ஆனாலும் அந்தப் பென்சில் எழுத்தை அழிக்கச் சொல்வது, காய்ச்சல் பார்க்க வந்தவர் தெர்மாமீட்டரை உதறிவிட்டுப் போவதைப் போன்றது என்ற எண்ணம் விட்டுப்போவதில்லை. பிள்ளையின் காதில் என்ன விழுந்தது, எது விழவில்லை என்பதற்கு வகுப்பறையில் கிடைக்கும் ஒரே எழுத்துச் சான்று அது.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தோளில் மாட்டும் பை, பேக். முதுகு, அதுவும் பேக். பெட்டியில் அடுக்கிக் கட்டுவது பேக். அடுப்பில் ரொட்டி சுடுவதும் பேக். ஆங்கிலத்தில் நான்கும் நான்கு ஒலிப்பு, நான்கு எழுத்துக்கூட்டல். தமிழில் எழுதினால் நான்கும் ஒன்றாகிவிடுகின்றன. கிரிக்கெட் மட்டை, கெட்டது, பரீட்சை அட்டை மூன்றும் பேட். இந்தக் கட்டுரைக்கும் அதே சிக்கல் உண்டு. இந்தச் சொற்களின் தொடக்கத்தில் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகளின் பெயரையும் தமிழில் ‘பி’ என்றுதான் எழுத முடிகிறது. தொலைபேசியில் பெயர் சொல்லும்போது செய்வதைப் போல, பீட்டர் பி, பாம்பே பி என்று வைத்துக்கொள்கிறேன். அதேபோல டைகர் டி, டெல்லி டி.

ஆக, ‘பேக்’ என்று எழுதிய பிள்ளை பாடம் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. தமிழெழுத்தின் நேர்மையான கணக்குப்படி சரியாகவே எழுதியிருக்கிறான். தேர்வில் பைக்கு முதுகின் எழுத்துக்கூட்டலைப் போட்டால் அது மறதியாலோ சோம்பலாலோ வந்த பிழை அல்ல. அவன் கையிலிருக்கும் எழுத்துக் கருவியில் அந்த வேறுபாட்டைப் பிடித்துவைக்க இடமில்லை. பத்து முறை இம்போசிஷன் எழுதச் சொன்னால் பத்து முறை எழுதுவான், பதினோராவது முறை பழையபடியே வரும்.

காது கேட்காத இடம்

இங்கேதான் வழக்கமான விளக்கம் தடம் மாறுகிறது. “தமிழில் அந்த ஒலியே இல்லை, அதனால்தான் பிள்ளைகளுக்கு வருவதில்லை” என்று ஆசிரியப் பயிற்சிகளில் சொல்லிக் கேட்கலாம். தவறு. ‘பம்பரம்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் ப பீட்டர் பி. ம்-க்கு அடுத்து வரும் ப பாம்பே பி. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. பாம்பு அப்படித்தான். கங்கணத்தில் முதல் க ஒன்று, இரண்டாவது க வேறு. வட்டியில் இருப்பது டைகர் டி, வண்டியில் இருப்பது டெல்லி டி. நாடு, நாட்டு இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னாலும் இதே வேறுபாடு தெரியும். மூன்று வயதுக் குழந்தையின் வாயில்கூட எல்லா ஒலியும் தயாராக இருக்கின்றன. எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பதைத் தமிழ் இடம்பார்த்துத் தானாக முடிவு செய்துவிடுகிறது. சொல்லின் முதலில் வன்மை, மெல்லெழுத்தை அடுத்து மென்மை, இரட்டித்தால் வன்மை. தானாக நடப்பதால் தனியெழுத்து தேவைப்படவில்லை, தனியெழுத்து இல்லாததால் காது அதைக் கவனிப்பதில்லை.

தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதை விளக்குவது கடினம். “பம்பரத்தில் இரண்டு ப-வும் ஒன்றா, வேறா?” என்று கேட்டால் நாற்பது பேரும் “ஒண்ணுதான் மிஸ்” என்பார்கள். கண் எழுத்தைப் பார்த்துவிட்டது, காதைக் கேட்கவே விடாது. ஆனால் இன்றைய வகுப்புகள் அப்படி இல்லை. திருப்பூரில் பிஹார், ஒடிசா பிள்ளைகள். ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிறவர்கள். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உருது. மதுரையில் சௌராஷ்டிரம், நீலகிரியில் படுகு. வழக்கமாக இந்தப் பிள்ளைகளைக் கூடுதல் சுமை என்றுதான் பள்ளிகள் கணக்கு வைக்கின்றன. எனக்கு இந்த விஷயத்தில் நேர்மாறான கருத்து.

சொந்த ஊரில் ஒன்றிரண்டு வகுப்பு இந்தியில் படித்துவிட்டு வந்த பிள்ளையிடம் ‘பம்பரம்’ என்று மெதுவாகச் சொல்லி, தெரிந்த எழுத்தில் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். அவளுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. அதனாலேயே காதில் விழுந்தபடி எழுதுவாள். முதல் ப-வுக்கு ஓர் எழுத்து, இரண்டாவதுக்கு வேறோர் எழுத்து. ப-வுக்கு அவளிடம் நான்கு எழுத்து இருக்கிறது. கீழே உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது, ஆனால் இரண்டும் வேறு வேறு உருவம் என்பது கண்ணுக்குத் தெரியும். “ஏன் அவ ரெண்டு விதமா எழுதுறா?” என்ற கேள்வி வகுப்பிலிருந்தே கிளம்பும். அந்தக் கேள்வி கிளம்பிய பிறகு மீதியைச் சொல்லித்தர ஒரு வாரம் போதும். அதுவரை எத்தனை மாதம் சொன்னாலும் உள்ளே போகாது.

ஒரு வாரம், ஓர் இணை

ஒரு வாரத்துக்கு ஒரே ஓர் ஒலி இணைதான். முதல் வாரம் பீட்டர் பி, பாம்பே பி. இரண்டாவது வாரம் டைகர், டெல்லி. கடைசியில் கே, ஜி ஒலிகள். ஒவ்வொரு நாளும் பாடவேளையின் முதல் பத்து நிமிடம் மட்டும் போதும், மீதி முப்பது நிமிடம் வழக்கமான பாடம்.

முதல் நாள் புத்தகம் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். பம்பரத்தில் இருந்து பாம்பே பி-யைப் பிரித்தெடுக்க வேண்டும். உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்று இரண்டு விநாடி இழுத்து, அப்படியே திறந்து பந்துக்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள்: ம்ம்ம்-பால். தமிழ் வாய் ம்-க்குப் பிறகு தானாகவே பாம்பே பி-யைத்தான் போடும். பிறகு ம்-ஐக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சில பிள்ளைகள் பத்து நாள் வரை ‘ம்பால்’ என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். விட்டுவிடுங்கள், தானே உதிரும். டெல்லி டி-க்கு ‘ண்ண்ண்’. ஜி ஒலிக்கு ங்-ஐ முதலில் வைத்துச் சொல்வது வராது, ‘அங்’ என்று தொடங்க வேண்டும்.

தொண்டையில் விரல் வைத்து அதிர்வைப் பார்க்கச் சொல்லும் முறை ஒன்று உண்டு. பயிற்சிக் கையேடுகளுக்கு மிகவும் பிடித்த முறை. இந்த இணைக்கு அது உதவாது. பிள்ளை ‘ப’ என்று சொல்லும்போது கூடவே அகரமும் வந்துவிடுகிறது, அகரம் எப்படியும் தொண்டையை அதிரவைக்கும். இரண்டுக்கும் அதிர்கிறது என்று பிள்ளை சொல்வது உண்மைதான். இழுத்துச் சொல்ல முடிகிற ஒலிகளுக்கு மட்டும் விரல் சோதனையை வைத்துக்கொள்ளலாம். பாம்பின் சீறலையும் தேனீயின் ரீங்காரத்தையும் மாறி மாறி இழுக்கச் சொன்னால் அதிர்வு நன்றாகப் பிடிபடும்.

இரண்டாவது நாள் காது மட்டும். ஆசிரியர் பத்துச் சொல் சொல்வார். பீட்டர் பி என்றால் வலது கை, பாம்பே பி என்றால் இடது கை. கண்ணை மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் பெஞ்சில் இருப்பவள் தூக்கிய கையைப் பார்த்துத்தான் மீதி முப்பது கைகள் ஏறும். பத்துக்கு ஏழு சரியாக வராதவரை எழுத்துக்குப் போகக் கூடாது.

மூன்றாவது நாள் ஆறு சொல் டிக்டேஷன். பிழைகளைத் திருத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்து என்ற சொல்லை பீட்டர் பி போட்டுத் தொடங்கியவன் காதில் தவறியிருக்கிறான். டெல்லி டி போட்டுத் தொடங்கியவன் கண்ணில் தவறியிருக்கிறான், ஏனென்றால் சிறிய எழுத்தில் பாம்பே பி-யும் டெல்லி டி-யும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும். இரண்டு பிழைக்கும் மருந்து வேறு. முன்னவனுக்கு மறுபடி ம்ம்ம் பயிற்சி. பின்னவனுக்கு எழுத்தின் வயிறு எந்தப் பக்கம் என்று விரலால் மணலிலோ மேஜையிலோ எழுதிப் பழகுவது. இரண்டு பேரையும் ஒரே கூட்டத்தில் சேர்த்து ‘கற்றல் குறைபாடு’ என்று சீட்டு ஒட்டிவிடுவது நடக்கிறது.

நான்காவது நாள்தான் பென்சில். மேலே தமிழில் எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்துவிடுங்கள், மூன்று நிபந்தனையோடு. ஒன்று, முதலில் ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்துப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். இரண்டு, வரிக்கு மேலே வேண்டாம், எதிர்ப்பக்கத்திலோ மடித்து மறைக்கக்கூடிய ஓரத்திலோ எழுத வேண்டும். மூன்று, மென்மையான ஒலி வரும் இடத்தில் தமிழெழுத்தின் அடியில் ஒரு கோடு போட வேண்டும். இப்போது பேக் என்பதைப் பாருங்கள். தோள்பைக்கு ப, க் இரண்டின் அடியிலும் கோடு. முதுகுக்கு ப-வின் அடியில் மட்டும். அடுக்கிக் கட்டுவதற்குக் கோடே கிடையாது. ரொட்டி சுடுவதற்கு ப-வின் அடியில் கோடு, கூடவே ஏகாரத்தை இழுக்கச் சொல்லி மேலே ஓர் அலை. ஒரே பேக், நான்கு முகம். தமிழெழுத்தை அழிக்காமல் அதற்கு ஒரு கால் முளைக்க வைக்கிறோம், அவ்வளவுதான். இது ஊன்றுகோல் என்பதை மறக்கக் கூடாது. ஆறேழு வாரத்துக்குப் பிறகும் எல்லாச் சொல்லுக்கும் கோடு போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது நாள் பயிற்சிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

கடையில் விற்கும் கைடுகளில் அச்சடித்த தமிழ் உச்சரிப்பு இருக்கிறதே, அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிட வேண்டாம். அது வேறு யாரோ ஒருவரின் காது. அதைப் பார்த்து எழுதிய பக்கத்தில் பிள்ளையைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அந்தப் பக்கத்தை அழிக்கச் சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. மெல்லெழுத்துக்குப் பின்னால் தமிழ் வாயால் வன்மையாக ஒலிக்க முடியாது. மையம் என்ற பொருளில் வரும் சென்டரும் அனுப்புகிறவர் என்ற பொருளில் வரும் சென்டரும் ஒன்றாகிவிடும். அங்கிள், சிம்பிள் எல்லாவற்றுக்கும் இதே கதி. இங்கே கோடு உதவாது, இரட்டிக்க வேண்டும்: சென்ட்டர், சிம்ப்பிள். ஒரு புள்ளியெழுத்து நடுவில் நின்று ஒலியைத் தடுத்துக்கொள்ளும்.

புள்ளி வைத்தால் போதும்

எழுத்துகளின் பெயரைச் சொல்லி ‘சி, ஏ, டி, கேட்’ என்று ஒப்பிப்பது குறைந்து, இப்போது ஒலியைச் சொல்லிக் கூட்டும் முறை பல பள்ளிகளுக்கு வந்துவிட்டது. 2022இல் தொடங்கிய தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பிறகு ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆங்கிலமும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் நடக்கிறது. ஒலிமுறையில் ஒரே ஓர் இடத்தில் வண்டி நின்றுவிடும். பூனைக்கு ‘க… அ… ட’ என்று பிரித்துச் சொல்லித்தந்தால், கூட்டும்போது ‘கஅட’ என்றுதான் வரும். குற்றம் பிள்ளையுடையதல்ல. ‘க’ என்பதே உயிர்மெய், அதற்குள் ஓர் அகரம் ஒளிந்திருக்கிறது.

மருந்து பக்கத்து வகுப்பிலேயே இருக்கிறது. க் + அ = க என்று தமிழாசிரியர் ஒன்றாம் வகுப்பிலேயே நடத்திவிட்டார். ஒலிகளைக் கூட்டுதல் என்று ஆங்கிலக் கையேடு சொல்வதும் அதேதான். புள்ளி வைத்த க், உயிர், புள்ளி வைத்த ட் என்று சொன்னால் பிள்ளைக்கு இது பழைய கணக்கு. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு மதிய உணவு இடைவேளையில் பேசிக்கொண்டால் தீரக்கூடிய விஷயம், பல பள்ளிகளில் வருடக்கணக்காகப் பேசிக்கொள்ளாமலே ஓடுகிறது. இன்னொன்று. ஒலிமுறைப் புத்தகங்கள் எஸ், ஏ, டைகர் டி, பீட்டர் பி, ஐ, என் என்ற ஆறு எழுத்தோடு தொடங்குவது வழக்கம். இந்த ஆறில் பாம்பே பி, டெல்லி டி, ஜி போன்ற மென்மையான வெடிப்பொலி ஒன்றுகூட இல்லை. அதனால் முதல் சில வாரம் தமிழ்ப் பிள்ளை மளமளவென்று வாசிப்பான், பாம்பே பி வந்ததும் திடீரென்று தடுக்கி விழுவான். “நல்லாப் படிச்சிட்டிருந்த பையன்” என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம்.

கட்டிங், பேக்கிங், டையிங்

எழுத்துக்கூட்டலில் தமிழ்ப் பிள்ளைகளின் தனி முத்திரை இரட்டிப்பு. தண்ணீருக்கு இரண்டு டைகர் டி, காகிதத்துக்கு இரண்டு பீட்டர் பி. வாட்டர், பேப்பர், டீச்சர், ரைட்டர் என்று தமிழில் இரட்டித்துத்தானே எழுதுகிறோம்? தமிழ் இரட்டிப்பது வன்மையைக் காப்பாற்ற. ஆங்கிலம் இரட்டிப்பது முன்னால் இருக்கும் உயிர் குறுகியது என்று காட்ட. காரணம் வேறு, தோற்றம் ஒன்று.

இதற்குத் தமிழிலேயே ஒரு சோதனை உண்டு. இரட்டித்த எழுத்துக்கு முன்னால் குறிலா, நெடிலா என்று பார்க்கச் சொல்லுங்கள். லெட்டர், பட்டர், டின்னர், கட்டிங்: குறில், ஆங்கிலத்திலும் இரட்டிக்கும். பேப்பர், டீச்சர், வாட்டர்: நெடில், இரட்டிக்காது. ரைட்டரில் இருக்கும் ஐகாரத்தையும் நெடிலோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘சிட்டி’, ‘மெட்டல்’ போன்றவை இதற்கு அடங்காது, அதனால் சோதனையை ‘இங்’, ‘அர்’, ‘எட்’ என்று முடியும் சொற்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இதற்குப் பாடநூலே தேவையில்லை. பனியன் கம்பெனிச் சுவரெல்லாம் பாடம்தான்: கட்டிங், நிட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங், டையிங். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் ஒடிசா வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே அளவு தெரிந்த ஆங்கிலச் சொற்கள் இவை. இரண்டு பேரின் அம்மாவும் அதே செக்கிங் மேஜையில் நிற்கிறார்கள். கட்டிங்கில் டைகர் டி இரட்டித்திருக்கிறது. செக்கிங்கில் கே இரட்டிக்காமல் முன்னால் ஒரு சி வந்து நிற்கிறது, அதுதான் கே-யின் இரட்டிப்பு. ஸ்டிச்சிங்கில் சி, எச் இரண்டுக்கும் முன்னால் வரும் டைகர் டி-யும் அப்படியே. பேக்கிங்தான் சோதனையைக் கவிழ்க்கும்: தமிழில் நெடிலாக எழுதுகிறோம், ஆங்கிலத்தில் குறில். தமிழில் இல்லாத அந்த அகன்ற குறிலை ஏகாரம் போட்டு ஒப்பேற்றிவிட்டோம். பக்கத்தில் பேக்கரியை எழுதிக் காட்டினால் வேறுபாடு நிற்கும். அங்கே ஏகாரம் உண்மையான நெடில், கே ஒன்றுதான். டையிங்கில் மட்டும் ஓர் ஈ கூடுதலாக இருக்கும். அந்த ஈ விழுந்துவிட்டால் சாயப்பட்டறை சாகக்கிடக்கிறது என்று அர்த்தமாகிவிடும். இதைச் சொன்னால் வகுப்பு சிரிக்கும், பிறகு ஒருவரும் அந்த ஈ-யை விடமாட்டார்கள்.

தமிழில் பொருள் சொல்வது யாருக்கு?

ஒரு வரி வாசித்து, “அதாவது…” என்று தமிழில் பொருள் சொல்வது நம் ஆங்கில வகுப்பின் முதுகெலும்பு. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு அது உதவிதான். ஆறு மாதத்துக்கு முன் பிஹாரின் கயா பக்கமிருந்து வந்த பிள்ளைக்கு அது இரண்டாவது புதிர். பாடத்துக்கு முன் ஐந்து சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்து, பொருளைப் படமாகவோ செய்கையாகவோ காட்டி, சுவரில் மூன்று பத்தி போட்டு எழுதலாம்: ஆங்கிலம், தமிழ், வீட்டுமொழி. மூன்றாவது பத்தியை அந்தப் பிள்ளையே எழுதி உரக்கச் சொல்ல வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் சுவர் அலங்காரமாகிவிடும், யாரும் பார்க்கமாட்டார்கள். தமிழில் அரும்பு நிலையில் இருப்பவள் ஆங்கில ஒலியில் மலர் நிலையில் இருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். அவளுக்கும் தடுமாற்றம் உண்டு, வேறு இடத்தில். வங்காளமோ ஒடியாவோ பேசும் பிள்ளைக்கு வ வரவேண்டிய இடத்தில் பாம்பே பி வரும். தமிழ்ப் பிள்ளை முட்டையை ‘யெக்’ என்பான். ‘இஸ்கூல்’ இரண்டு பேருக்கும் பொது.

வாக்கியத்திலும் இப்படிப் பொதுவான இடம் ஒன்று உண்டு. “அப்பா வந்தாங்க” என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது அப்பாவைப் பன்மையாக்கி ‘தே’ போடுவார்கள். இந்தி வீட்டுப் பிள்ளையும் இதையே செய்வான், அங்கேயும் மரியாதைக்குப் பன்மைதான். சிவப்பு மையில் அடித்து ‘ஹீ’ என்று திருத்தினால் மறுவாரமும் ‘தே’ வரும். அகராதியில் ஹீ என்றால் ‘அவன்’ என்று படித்தவன் அப்பாவை எப்படி அவன் என்று எழுதுவான்? கரும்பலகையில் ஹீ = அவன், அவர் என்று இரண்டையும் எழுதிப் போட்டுவிட்டால் பாதிப் பிழை அன்றைக்கே நின்றுவிடும். ஏ, ஆன், தி விவகாரத்தை இங்கே தொடப்போவதில்லை, அது தனியாக எழுத வேண்டிய துக்கம்.

பென்சிலுக்குத் திரும்பி வந்தால்: மாதத்துக்கு ஒரு முறை, ஒரே பக்கத்தில் எத்தனை சொல்லுக்குத் தமிழ் எழுதியிருக்கிறான் என்று எண்ணித் தேதியோடு ஓரத்தில் குறித்துவைக்கலாம். எண்ணிக்கை குறைவதை விட எந்தச் சொல் மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம். கோடு போட்ட சொற்கள் முதலில் உதிரும், இரட்டிப்புச் சொற்கள் பிறகு. மார்ச் மாதத்திலும் விடாமல் நிற்பவை பெரும்பாலும் அந்த அகன்ற குறில் சொற்கள்: ஹேப்பி, ஆப்பிள், பேட்டரி. ஒன்றுக்கு ஏகாரம் போடுவதா, ஆகாரம் போடுவதா என்று தமிழ் நாளிதழ்களே இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தப் பட்டியலைக் கிழித்து அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பு எடுக்கப்போகும் ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம். ஜூன் மாத முதல் வாரத்துக்கு அவருக்கு வேலை இருக்கிறது.